சிஸ்டர், ஒரு சந்தேகம்: வடசென்னையில் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காசிமேடு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று இந்தப் பக்கம் செவிலியராக இருந்தால் ஒரே சந்தேகம் பல வாயில் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். என்ன செய்யணும் என்பது பெரும்பாலான வீடுகளில் தெரிந்தேதான் இருக்கிறது. "விடியட்டும்", "அவர் வரட்டும்", "மாமியாரைக் கேட்டுக்கலாம்" என்று காத்திருப்பதில்தான் சிக்கல். அதனால் முடிந்த இடத்திலெல்லாம் எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

நாள் தள்ளிப் போச்சு சிஸ்டர். மூணு மாசம் முடிஞ்சப்புறம் ஆஸ்பத்திரி போனா போதும்னு வீட்ல சொல்றாங்க. சரியா?

சரியில்லை. மூன்று மாதம் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அதை வெளியாட்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், செவிலியரிடம் வேண்டாம். 12 வாரத்துக்குள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிட வேண்டும். அங்கே பிக்மி எண் (கர்ப்பிணியைப் பதிந்ததற்கான அரசு அடையாள எண்) தருவார்கள், தாய் சேய் நல அட்டை தருவார்கள், ரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த பிக்மி எண்தான் கேட்பார்கள்.

கடைசியாக மாதவிலக்கு ஆன முதல் நாளை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். அந்த நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவ தேதி வரும். "பொங்கலுக்கு முன்னாடி குளிச்சேன்" என்று சொன்னாலும் பரவாயில்லை, அதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்வோம். ஆனால் அந்த நினைவு ஏழாம் மாதத்தில் இருக்காது, இப்போதுதான் இருக்கும்.

ஆதார்ல எங்க ஊரு விலாசம்தான் கீது. இங்க வாடகைக்கு இருக்கோம். பதிவாங்களா?

பதிவார்கள். பீகாரிலிருந்து வந்து மணலி பக்கம் வேலை செய்யும் குடும்பங்களுக்கும் பதிகிறோம். தாய்வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பதாக இருந்தாலும் அதே எண்தான், அட்டையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

அந்த சிவப்பு மாத்திரை சாப்பிட்டா குழந்தை கருப்பா பொறக்குமாமே? எனக்கு வாந்தி வேற வருது.

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குச் சம்பளம் தனியாகத் தர வேண்டும். குழந்தையின் நிறம் அப்பா அம்மா வழியில் வருவது. மாத்திரை கருப்பாக்குவது மலத்தை மட்டும்தான், அதுவும் மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை. அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று என்று குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள்.

வாந்தி வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும். நம் பக்கத்துப் பழக்கமான டீயும் பொறையும்தான் எதிரி: டீ, காபி, பால் குடிப்பதற்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்த்துப் போடக் கூடாது. அதைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு, இதை இரவில் என்று பிரித்துக்கொள்வது எளிது.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் அது மாத்திரையால் தீரும் விஷயமில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நடுவில் உள்ளவர்களுக்கு அளவையும் மாதத்தையும் பார்த்து நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். ஏன் இவ்வளவு கறார் என்றால், பிரசவத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். இருப்பே இல்லாதவருக்கு அந்தக் கொஞ்சமே தாங்காது. முருங்கைக் கீரை நல்லதுதான், ஆனால் கீரையை நம்பி மாத்திரையைச் சாக்கடையில் போடாதீர்கள். போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்க வீட்ல யாருக்கும் சுகர் இல்ல. எனக்கு எதுக்கு அந்த இனிப்புத் தண்ணி?

கர்ப்பத்தில் மட்டும் வரும் சர்க்கரை உண்டு. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லாத இந்த முறையை முன்நின்று கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நம் சென்னை மருத்துவர் வி. சேஷையா. முதல் தடவை வரும்போது ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொருமுறை. முதல் தடவை சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். நடுவில் வாந்தி எடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். அதை மறைத்தால் கணக்கே தப்பாகிவிடும்.

கால் வீங்குது. பொம்பளப் புள்ளன்னா வீங்கும்னு ஆயா சொல்லுது.

சாயங்காலம் கால் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் சாதாரணம்தான். குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கும் வீக்கத்துக்கும் சம்பந்தமில்லை. காலையில் எழும்போதே முகம் உப்பியிருக்கிறது, மோதிரம் இறுகுகிறது என்றால் அன்றைக்கே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 என்பது எல்லைக் கோடு. "உப்பைக் குறைச்சுட்டேன்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இந்த அழுத்தம் உப்பால் வருவதில்லை, உப்பைக் குறைத்தால் போவதுமில்லை.

விடாத தலைவலி, கண் முன்னே பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி: இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்தது வலிப்பாக இருக்கலாம். வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் ஸ்பூன் திணிக்காதீர்கள், கையில் சாவி கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு மெக்னீசியம் சல்பேட் என்ற ஊசி இருக்கிறது, நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. பிரசவம் முடிந்த பிறகு முதல் சில நாட்களிலும் இது வரலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

ரெண்டு நாளா குழந்தை ஆட்டம் கம்மியா இருக்கு. கடைசி மாசத்துல தூங்குமாமே?

கடைசி மாதத்தில் அசைவின் தினுசு மாறும், உதைப்பது போய்ப் புரள்வது வரும். ஆனால் குறையக் கூடாது. சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வர வேண்டும். வரவில்லை என்றால் அப்போதே கிளம்புங்கள். இந்தக் கேள்வியில் எனக்குக் கோபம் வரும் இடம் "ரெண்டு நாளா" என்பதுதான். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் வாங்கிக்கொண்டு போங்கள், பரவாயில்லை.

வலி வந்துச்சுன்னு ராத்திரி ஆட்டோ புடிச்சிப் போனா, "இன்னும் நேரம் இருக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி எப்போ போறது?

முதல் பிரசவத்தில் இது நிறைய நடக்கும். பொய்வலி வரும், போகும், நடந்தால் அடங்கிவிடும், அடிவயிற்றோடு நிற்கும். உண்மை வலி இடுப்பிலிருந்து கிளம்பி முன்னால் வரும், நேரம் ஆக ஆக நெருங்கும், எப்படித் திரும்பிப் படுத்தாலும் அடங்காது. முதல் குழந்தை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். இரண்டாவது, மூன்றாவது என்றால் அவ்வளவு நேரம் கிடைக்காது. வலி ஒழுங்காக வர ஆரம்பித்ததுமே கிளம்புங்கள். வீடு எர்ணாவூர், எண்ணூர் பக்கம் என்றால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையையும் கணக்கில் சேருங்கள். ராயபுரத்துக்கு இருபது நிமிடம் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு.

வலியே இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டியவை: பனிக்குடம் உடைவது (நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பச்சையாக இருந்தால் அதைச் சொல்லுங்கள்), ரத்தப்போக்கு, மேலே சொன்ன தலைவலியும் அசைவுக் குறைவும். 37 வாரத்துக்கு முன் வலி வந்தாலும், முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு லேசாக வலி எடுத்தாலும், நிமிடம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற கூச்சத்தில் இரண்டாம் முறை தாமதமாக வருகிறவர்கள்தான் ஆட்டோவிலேயே பெற்றுக்கொள்கிறார்கள்.

எங்க போறதுன்னே கொழப்பமா இருக்கு. ஆர்.எஸ்.ஆர்.எம்-மா, எழும்பூரா, பக்கத்து சென்டரா?

சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்குப் பக்கத்து மாநகராட்சி மகப்பேறு மருத்துவமனையே போதும். கூட்டம் குறைவு, கவனிப்பும் கிடைக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கடும் ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன் என்று அட்டையில் எழுதியிருந்தால் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை அல்லது எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை. இதை ஒன்பதாம் மாதத்திலேயே கேட்டு முடிவு செய்துவிடுங்கள். வலியோடு மூன்று வாசல் ஏறி இறங்குவது யாருக்கும் நல்லதில்லை.

வீட்டுக்காரரு போட்ல போயிட்டாரு, வர ஒரு வாரம் ஆகும். ஆபரேஷன்னா யாரு கையெழுத்துப் போடுறது?

நீங்கள்தான். 18 வயது நிரம்பி, நினைவோடு இருக்கும் பெண்ணின் உடம்புக்கு அவள் கையெழுத்தே போதும். உறவினர் கையெழுத்தும் கேட்பார்கள், அது சாட்சிக்கு. கூட இருக்கும் அம்மாவோ அக்காவோ போடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் கையெழுத்துக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது.

விசைப்படகு நாள் கணக்கில் கடலில் நிற்கும், செல்போன் எடுக்காது. அதனால் காசிமேட்டுப் பெண்களுக்கு நான் சொல்வது, எட்டாம் மாதத்திலேயே அவரை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்: எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவது, கையில் எவ்வளவு காசு, ரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பது. இந்தப் பேச்சு நடந்த வீட்டில் "அவர் வரட்டும்" என்ற வார்த்தையே வராது.

ஐப்பசி, கார்த்திகைல தேதி குடுத்துருக்காங்க. மழையில தண்ணி ஏறிடுச்சின்னா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. புயல் அறிவிப்பு வந்து, தேதிக்கு இரண்டு வாரத்துக்குள் இருந்தீர்கள் என்றால் தண்ணீர் ஏறும்வரை பார்க்காமல் மேட்டுப் பகுதி உறவினர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ முன்கூட்டியே போய்விடுங்கள். உங்கள் பகுதி செவிலியரிடம் சொல்லி வைத்தால் சேர்ப்பதற்கு ஏற்பாடு செய்வார்கள். அட்டை, ஸ்கேன், ஆதார் மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரண் மேல் இல்லாமல் பையிலேயே வையுங்கள்.

லேபர் வார்டுல தனியா வுட்டுடுவாங்களா?

கூடத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் நடைமுறை அரசு மருத்துவமனைகளில் உண்டு. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக, மயங்கி விழாதவராகப் பாருங்கள். அவர் வேலை இடுப்பைத் தேய்த்துவிடுவது, தண்ணீர் கொடுப்பது, தைரியம் சொல்வது. "முக்கு, முக்கு" என்று வாசலிலிருந்தே கத்துவது அவர் வேலையில்லை. கர்ப்பவாய் முழுதாகத் திறக்கும் முன் முக்கினால் களைப்புதான் மிச்சம். குழந்தை வந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் ஒரு ஊசி போடுவோம். அது ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைத் தடுக்க. பிறந்ததும் குழந்தையைத் துடைத்து உங்கள் மார்பின் மேலேயே போடுவதும் சிகிச்சைதான், ஏதோ ஆசைக்காக இல்லை.

பொறந்தது ஆம்பளப் புள்ளன்னு சொல்லிக் காசு கேட்டாங்க. குடுக்கணுமா?

வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாமே இலவசம். 2011-லிருந்து நாடு முழுவதும் உள்ள திட்டம் அது. யாராவது கேட்டால் மருத்துவமனைத் தலைமையிடம் சொல்லுங்கள், அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்கும் அழைக்கலாம். சந்தோஷத்தில் நீங்களாகவே நூறு ரூபாய் நீட்டுவதும் அடுத்த படுக்கைக்காரியின் தலையில்தான் விழும்.

சிசேரியன் பண்ணிட்டாங்க. சுகப்பிரசவம் ஆகாம வேணும்னே கிழிச்சிட்டாங்களோ?

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். ரொம்ப அதிகம், அதனால் உங்கள் சந்தேகத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு ஏன் செய்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த பிரசவத்துக்கு அந்தக் காரணம் தெரிந்தே ஆக வேண்டும்.

மூணு நாளா பால் வரல. பவுடர் வாங்கட்டுமா?

முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால்தான் பால். அளவு கொஞ்சமாக இருக்கும். பிறந்த அன்று குழந்தையின் வயிறும் ஒரு டீஸ்பூன் சொச்சம்தான் கொள்ளும். பால் கட்டிக்கொண்டு நிறைய இறங்குவது மூன்றாம் நான்காம் நாள். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் ஒரு நாள் தள்ளலாம். முதல் நாட்களில் குழந்தையின் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறும். அதைப் பார்த்துத்தான் பயந்து பவுடர் வாங்குகிறார்கள்.

பால் சுரப்பது குழந்தை சப்புவதால். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவிலும். பவுடர் கொடுத்தால் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் பால் குறையும், அப்புறம் "எனக்குப் பாலே இல்லை" என்பது உண்மையாகிவிடும். காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். வலித்தால் பிடி சரியில்லை, குழந்தையின் வாயோரம் விரலை நுழைத்து எடுத்து மறுபடி வையுங்கள். போதுமா என்று தெரிந்துகொள்ளக் கணக்கு இருக்கிறது: ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். போகவில்லை, குழந்தை எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது என்றால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் சுறாப் புட்டு. காசிமேட்டில் அதைச் சொல்லாமல் பால் பேச்சு முடியாது. புரதம் நல்லதுதான். ஆனால் பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் நெத்திலி, மத்தி, காரப்பொடி போன்ற சின்ன மீன்களே மேல், விலையும் குறைவு.

சேனை வெச்சாதான் நல்ல குணம் வரும்ன்றாங்க. கழுதைப்பால், வசம்பு, தொக்கம் எடுக்கிறது, இதெல்லாம்?

ஒன்றும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர் கூடக் கிடையாது. சித்திரை வெயிலிலும்தான். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் விரல் வழியாகவும், தெருவில் கறந்து தரும் கழுதைப்பால் வழியாகவும் கிருமி போகும். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தால் குழந்தை தூங்குகிறதே என்கிறார்கள். அது தூக்கமா மயக்கமா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தொக்கம் எடுக்கிறேன் என்று ஊதுவதும் வாயில் விரல் விடுவதும், குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் ஆபத்து, எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம், காய்ந்து தானாக விழும். பாட்டிகளோடு சண்டை போடாதீர்கள். திருஷ்டிப் பொட்டைப் பாதத்தில் வைக்கட்டும், கண்ணுக்குள் மை வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதை மெதுவாகச் செய்யட்டும். வாய்க்குள் மட்டும் எதுவும் போகக் கூடாது என்று ஒரே ஒரு கோடு போடுங்கள்.

குழந்தை மஞ்சளா இருக்கு. காலை வெயில்ல காட்டினா போயிடுமா?

இரண்டாம் மூன்றாம் நாளில் முகத்தில் வந்து, குழந்தை நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தானே வடியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், குடிக்காமல் தூங்கினாலும் உடனே ஆஸ்பத்திரி. அங்கே நீல ஒளி விளக்கின் கீழ் வைப்பார்கள். வெயில் அதற்கு மாற்றில்லை. அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் இதில் இரட்டிப்புக் கவனம்.

தண்ணி குடிச்சா வயிறு போடும்னு பத்தியம் வெச்சிருக்காங்க.

பால் கொடுக்கிறவருக்குத் தாகம் எடுக்கும், குடியுங்கள். பூண்டு, கருவாடு, ரசம் சாப்பிடுங்கள், கூடவே கீரை, முட்டை, பழமும் சாப்பிடுங்கள். தீட்டு சிவப்பாக ஆரம்பித்து வெளுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டியாகப் போனாலோ அது "கெட்ட ரத்தம் போகட்டும்" இல்லை, 108. நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம்.

என் பொண்ணு சும்மா சும்மா அழுவுது, புள்ளையப் பார்க்க மாட்டேங்குது. காத்து கருப்பா இருக்குமோ?

பிரசவமான சில நாட்களில் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகவில்லை, சாப்பிடவில்லை, தூங்கவில்லை, குழந்தை மேல் ஒட்டுதலே இல்லை என்றால் அது நோய், சரியாகும் நோய். கண்டதைப் பேசுகிறாள், குரல் கேட்கிறது என்கிறாள், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவாளோ என்று தோன்றுகிறது என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள். தர்காவுக்கும் கோயிலுக்கும் போவது உங்கள் நம்பிக்கை, போங்கள். ஆனால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போய்விட்டுப் போங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பிரசவத்தப்பவே காப்பர் டி போட்டுட்டாங்க, கேட்கவே இல்ல. எடுத்துடலாமா?

கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைப்பது காப்பர் டி. அதைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடுவது நல்ல, பாதுகாப்பான முறைதான். ஆனால் கேட்காமல் போடக் கூடாது. வலியின் உச்சத்தில் ஒரு தாளில் கைநாட்டு வாங்குவதைச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன். எட்டாம் மாதத்திலேயே கேட்டு அட்டையில் எழுதச் சொல்லுங்கள், வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம், எடுப்பது உங்கள் உரிமை. வேறு முறை எது என்று முடிவு செய்துவிட்டு எடுங்கள். மாதவிலக்கு திரும்ப வரும் முன்பே கரு தங்கலாம்.

முத்துலட்சுமி ரெட்டி பணம் எனக்கு வரல. பக்கத்து வீட்டுக்கு வந்துடுச்சு.

கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு நிதியுதவி இது. மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு: 14,000 பணமாகத் தவணையில், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். வராததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: தாமதமாகப் பதிந்தது, அல்லது வங்கிக் கணக்கு ஆதாரோடு சேராதது. முதல் கேள்விக்குச் சொன்ன 12 வாரம் இங்கேயும் வந்து நிற்கிறது. வங்கிப் புத்தகமும் பிக்மி எண்ணும் எடுத்துக்கொண்டு நீங்கள் பதிந்த சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள்.

பேரு இன்னும் முடிவாகல. பேர் இல்லாம சர்டிபிகேட் குடுப்பாங்களா?

கொடுப்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அப்பா அம்மா பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.